அபு பேசாத எபிசோட்: ஒரு கார்ட்டூன் சண்டையின் வரலாறு



"ஹிஸ்டரி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு கார்ட்டூனா?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது இங்கே நாயுடுபுரம் வரை கேட்கிறது. :-) 1989 டிசம்பரில் ஆரம்பித்து இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தொடருக்கு வரலாறு இல்லாமல் போகுமா? அதிலும் அந்தத் தொடர் ரசிகர்களை இரண்டாக உடைத்தது நம் நாட்டுக்காரர் ஒருவரை வைத்து என்றால், நாம் பேசாமல் யார் பேசுவது?

தொடரின் பெயர் 'தி சிம்ப்ஸன்ஸ்'. அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி. மஞ்சள் நிற அமெரிக்கக் குடும்பம். அவர்கள் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் 'க்விக்-இ-மார்ட்' என்ற கடையை நடத்துபவர் அபு நஹாசபீமபெடிலான். 'அபு' என்ற பெயர் சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலியில் வரும் சிறுவனிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பப் பெயர்தான் இந்தியாவின் எந்த மாநிலத்துக்கும் பொருந்தாது. கேட்டால் நாக்கு சுளுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

அந்த எபிசோட்

2018 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பான 'நோ குட் ரீட் கோஸ் அன்பனிஷ்டு' என்ற எபிசோட்தான் சண்டைக்குக் காரணம். அதில் மார்ஜ், சின்ன வயதில் தனக்குப் பிடித்த கதைப் புத்தகம் ஒன்றை லிசாவுக்குப் படித்துக் காட்ட எடுக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் மற்ற இனத்தவரைக் கேவலமாக எழுதியிருக்கிறது. உட்கார்ந்து புத்தகத்தையே திருத்தி எழுதுகிறாள். திருத்திய கதையில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அப்போது லிசா நேராக நம்மைப் பார்த்து, பல வருடங்களுக்கு முன் எல்லோரும் கைதட்டி ரசித்தது இன்றைக்குத் தப்பாகிவிட்டால் என்ன செய்ய முடியும் என்கிற மாதிரி கேட்கிறாள். கேமரா அவள் கட்டில் பக்கம் போகிறது. அங்கே சட்டம் போட்ட அபுவின் போட்டோ. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் மார்ஜ். பார்த்தால்தானே என்று முடிக்கிறாள் லிசா.

அந்தக் காட்சி சில வினாடிகள்தான். ஆனால் அது எதற்குப் பதில் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து மாதங்களுக்கு முன், 2017 நவம்பரில், ஹரி கொண்டபோலு என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் 'தி ப்ராப்ளம் வித் அபு' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டிருந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர், பெற்றோர் ஆந்திராவிலிருந்து போனவர்கள். முக்கியமாக, அவரே சிம்ப்ஸன்ஸ் ரசிகர்.

அபு பிறந்த கதை

அபு முதலில் வந்தது 1990 பிப்ரவரியில். எழுத்தாளர்களில் ஒருவரான மைக் ரைஸ் பிறகு சொன்ன கணக்குப்படி, கடைக்காரர் இந்தியராக இருக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தார்களாம், அது அரைத்த மாவு என்பதால். ஒத்திகையில் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர் இந்திய உச்சரிப்பில் அந்த வசனத்தைப் பேச, அறை முழுவதும் சிரிப்பு. குரல் நிலைத்துவிட்டது. 1998ல் இதே பாத்திரத்துக்காக அசாரியாவுக்கு எம்மி விருதும் கிடைத்தது.

அந்தக் குரலுக்கு ஒரு மூதாதையர் உண்டு. 1968ல் வந்த 'தி பார்ட்டி' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்திய நடிகராக நடித்தார். அதன் பாதிப்பு தன் அபுவில் உண்டு என்று அசாரியாவே சொல்லியிருக்கிறார்.

இரண்டு கட்சிகள்

அபுவை ஆதரித்த ரசிகர்கள் சொன்னது சாதாரண வாதம் இல்லை. அபு முனைவர் பட்டம் வாங்கியவர். 1993ல் வந்த எபிசோடில் 'பை'யின் மதிப்பை 40,000 இலக்கம் வரை சொல்ல முடியும் என்கிறார். (அப்போது உலக சாதனையே ஜப்பானின் டோமோயோரி 1987ல் சொன்ன 40,000 இலக்கம்தான். அதற்கு முன் 1981ல் 31,811 இலக்கம் சொல்லிச் சாதனை வைத்திருந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன்!) 1996ல் குடியேறிகளை விரட்டும் சட்டத்தைக் கிண்டலடித்த எபிசோடில் தொடர் அபு பக்கமே நின்றது. தோட்டக்கார வில்லி ஸ்காட்லாந்துக்காரர், ஃபேட் டோனி இத்தாலிய தாதா. எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறார்கள் என்று கேட்டார்கள்.

எதிர்க்கட்சியின் பதில் எண்ணிக்கையில் இருந்தது. 1990 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 8 லட்சம் பேர். 2000ல் சுமார் 17 லட்சம். இத்தனை பேரும் அமெரிக்க டிவியில் தங்களைத் தேடினால் கிடைத்தது அநேகமாக அபு மட்டும்தான். இத்தாலியரைப் பற்றி ஒரு தாதா ஜோக் வந்தால், பக்கத்து சேனலில் இத்தாலிய டாக்டர், இத்தாலிய போலீஸ் எல்லோரும் இருப்பார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. கடைக்காரர் பேசும் "நன்றி, மறுபடி வாங்க" வசனத்தை அதே உச்சரிப்பில் கேட்டுக்கொண்டேதான் வகுப்புக்குள் போக வேண்டியிருந்தது.

இங்கே உட்கார்ந்து பார்த்த நமக்கு அபு வலிக்காததற்குக் காரணமும் இதுதான். நம்மைச் சுற்றி ஆயிரம் விதமான இந்தியர்கள் இருக்கிறார்கள். அபு ஆயிரத்தில் ஒருவர். அங்கே அவர் ஒருவரே ஆயிரம் பேருக்கும் முகம்.

ரசிகர்களுக்குப் பதில் சொல்வது புதிதல்ல

சிம்ப்ஸன்ஸ் ரசிகர்களோடு எபிசோடுக்குள்ளேயே சண்டை போடுவது பழைய வழக்கம். 1997 பிப்ரவரியில் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரின் எபிசோட் எண்ணிக்கையைத் தாண்டியபோது, குறை சொல்லும் ரசிகர்களையே கிண்டலடித்து ஒரு எபிசோட் எடுத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்' வந்தது. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் உண்மையில் வேறு ஒருவர், பெயரைத் திருடியவர் என்றார்கள். இத்தனை வருடம் நம்பியது பொய்யா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இன்றுவரை அந்த எபிசோடில்தான் தொடர் சரியத் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அதன் முடிவிலோ, இதைப் பற்றி இனி யாரும் பேசக் கூடாது என்று நீதிபதி உத்தரவே போடுகிறார்!

அந்த இரண்டு முறையும் கிண்டல் பொருந்தியது. கதை கெட்டுவிட்டது என்று வருத்தப்பட்டவர்களுக்கு அதிகபட்சம் போனது ஒரு மாலைப் பொழுது. 2018ல் குறை சொன்னவர் ரசிகர் மட்டுமல்ல, அந்த ஜோக்கே அவர்தான். அவருக்கும் பழைய ரசிகர்களுக்குக் கொடுத்த அதே தோள்குலுக்கலைக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த எபிசோடின் தவறு அங்கேதான்.

இன்னொன்று, பதிலை யார் வாயில் வைத்தார்கள் என்று பாருங்கள். 1995ல் லிசா சைவத்துக்கு மாறும் எபிசோடில், அடுத்தவர் வழியைப் பொறுத்துக்கொள்ள அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அபு. 23 வருடம் கழித்து அந்த அபுவைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஆசிரியர் போட்டோவுக்குள், மாணவி மேடையில். அபுவுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. ஆதரித்த ரசிகர்களிலேயே சிலருக்கு நெருடியது இதுதான்: இது லிசா பேசுகிற பேச்சில்லை.

பிறகு நடந்தவை

அதே ஏப்ரல் 29ல் 636வது எபிசோடைத் தொட்டு 'கன்ஸ்மோக்' தொடரின் சாதனையை முறியடித்தார்கள். கொண்டாட வேண்டிய மாதம் வாக்குவாதத்திலேயே போனது. படைப்பாளி மாட் க்ரோனிங், புண்பட்டதாகக் காட்டிக்கொள்வது மக்களுக்குப் பிடிக்கிறது என்ற ரீதியில் பேட்டி கொடுத்தார். அசாரியாவோ ஏப்ரல் 24 அன்று ஸ்டீபன் கோல்பேர் நிகழ்ச்சியில், தான் விலகத் தயார், எழுதும் அறையில் இந்தியர்கள் இருக்க வேண்டும் என்றார். 2020 ஜனவரியில் அபு குரலை விட்டார். அதே ஜூனில், வெள்ளையர் அல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்கள் இனிக் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். 2021ல் அசாரியா மன்னிப்பும் கேட்டார். 2023ல் அவரும் கொண்டபோலுவும் ஒரே வானொலி நிகழ்ச்சியில் உட்கார்ந்து பேசினார்கள்.

கார்ல், டாக்டர் ஹிப்பர்ட் ஆகியோருக்குக் கறுப்பின நடிகர்கள் வந்தார்கள். அபுவுக்கு மட்டும் வழக்கமான புதுக் குரல் வரவில்லை. கூட்டக் காட்சிகளில் பேசாமல் நிற்கிறார். அபுவைத் தூக்குங்கள் என்று கொண்டபோலு கேட்கவே இல்லை. நன்றாக எழுதுங்கள் என்றுதான் கேட்டார். "அவரால் அபு போய்விட்டார்" என்று திட்டும் ரசிகர்கள் இதைக் கவனிப்பதில்லை. மார்ஜ் திருத்திய புத்தகம் போலத்தான் ஆயிற்று. வெட்டுவது சுலபம், திருப்பி எழுதுவதுதான் கஷ்டம்.

நம் பக்கம் கொஞ்சம்

அமெரிக்காக்காரனைத் திட்டிவிட்டு எழுந்து போகலாம்தான். ஆனால் செல்லர்ஸ் சாயம் பூசிய அதே 1968ல், இந்தியில் 'படோசன்' வந்தது. அதில் மெஹ்மூத் தமிழ் உச்சரிப்பில் இழுத்து இழுத்துப் பேசும் பாட்டு வாத்தியாராக வந்தார். வடக்கே இன்றும் ரசிக்கிறார்கள். நமக்குச் சுருக்கென்கிறது. சரி, நம் தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட்டும் டீக்கடை நாயரும் எப்படிப் பேசுகிறார்கள்? கொடைக்கானல் சீசனுக்குக் கேரளாவிலிருந்து வரும் குடும்பம் ஒன்று அந்தக் காட்சியை நம்மோடு உட்கார்ந்து பார்த்தால், நாம் சிரிப்போமா, நெளிவோமா?

சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அபுவைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். கிண்டல் செய்யப்பட்டவர் திரும்பிப் பேச வரும்போது, அவருக்கு ஒரு வரியாவது விட்டுவைக்க வேண்டும். 2018ல் சிம்ப்ஸன்ஸ் விட்டுவைக்கவில்லை.

நீங்கள் எந்தக் கட்சி? சண்டை போடாமல் சொல்லுங்கள். :-)