பொம்மைச் சிப்பாய்க்குப் புழுதி பூசிய கதை



நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் யூடியூபில் ஒரு விடயத்தை விழுந்து விழுந்து பார்க்கிறார்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய். மேசையில் போர் விளையாட வைத்திருப்பது. அதற்கு மணிக்கணக்காக வர்ணம் பூசுகிறார்கள். பூசி முடிந்ததும் அதன் மேலேயே சேறு, துரு, கீறல், புகைக்கரி என்று பூசிப் பழசாக்குகிறார்கள். "வடிவாப் பூசினத ஏன் சேர் பழுதாக்குறாங்க?" என்று வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு நீண்ட வரலாற்றைத் தொட வேண்டும்.

மேசையில் படை நடத்தும் விளையாட்டுக்கு மூத்தது சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கம்தான் அந்தப் பெயர். சுமார் 6ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவில் விளையாடப்பட்ட அது பாரசீகத்துக்குப் போய் "சத்ரங்" ஆனது. அரபிகளிடம் "ஷத்ரன்ஜ்" ஆனது. இன்று நாம் சொல்லும் "செக்மேட்" கூட "ஷாஹ் மாத்" என்பதன் திரிபுதான். ஈரானின் நீஷாபூரில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் நியூயோர்க்கின் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் முகம் இல்லை, உருவம் இல்லை. ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் கருஊதா. எது யாருடைய படை என்று காட்டுவது மட்டுமே நிறத்தின் வேலை.

ஜேர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவில் 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் போர்ப் பயிற்சிக்கான ஒரு மேசையை அரசனுக்குச் செய்து கொடுத்தார். 1824இல் அவருடைய மகன் அதை விதிகளோடு இராணுவ அதிகாரிகளின் பாடமாகவே ஆக்கினார். அங்கும் படைகள் சிவப்பு, நீலக் கட்டைகள்தான்.

பிள்ளைகளின் பொம்மைச் சிப்பாய் வேறு வழியில் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் நியூரம்பேர்க் நகரில் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்கள் செய்தார்கள். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் உள்ளே வெறுமையான ஈயச் சிப்பாய்களை வார்த்து மலிவாக விற்றார். பளபளக்கும் சிவப்புச் சட்டை, வெள்ளை வார், கறுப்புத் தொப்பி. அன்றைய உண்மைச் சிப்பாயும் அப்படித்தான் உடுத்தினான். பழைய வெடிமருந்து களம் முழுக்கப் புகை மூட்டும். அந்தப் புகைக்குள் தன் ஆட்களை அடையாளம் காணத் தளபதிக்குப் பகட்டான நிறம் தேவைப்பட்டது. புகையில்லா வெடிமருந்தும் தூரம் பாயும் துப்பாக்கியும் வந்ததும் அதே சிவப்பு எதிரிக்கு இலக்காகிப் போனது.

இங்கேதான் காக்கி வருகிறது. நம் பொலிஸ்காரர் உடுக்கும் அதே காக்கி. "காக்" என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மண், தூசி. 1846இல் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் திரட்டிய படைக்குத் துணியை மண் நிறத்துக்குத் தோய்த்துக் கொடுத்தார்கள். தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் பிரித்தானியப் படையே காக்கிக்குள் வந்துவிட்டது. அந்த யுத்தத்தின் கைதிகள் 1900இல் நம் நாட்டுக்கே கொண்டுவரப்பட்டார்கள். மொனராகலை, வெல்லவாய வழியாக மலையேறினால் வரும் தியத்தலாவையில் சுமார் 5,000 பேரை அடைத்து வைத்தார்கள். அதே காலத்தில் பிரிட்டன் கம்பனியின் பொம்மைப் பெட்டிகளிலும் காக்கிச் சிப்பாய்கள் வந்தார்கள். நிஜப் படை புழுதி நிறமானதும் பொம்மையும் மாறியது.

1913இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் விதிகளை "லிட்டில் வோர்ஸ்" என்ற நூலாக வெளியிட்டார். பெரிய யுத்தத்தைவிட இந்தச் சின்ன யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறுவருடமே முதலாம் உலக யுத்தம் வெடித்தது. சிவப்புக் காற்சட்டையோடு களமிறங்கிய பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1915இல் அவர்களுக்கு மங்கிய நீல உடுப்பு வந்தது.

பொம்மைக்குச் சேறு வழக்கமானது அதற்கும் பிந்தித்தான். பிளாஸ்டிக் மாதிரிகள் பரவிய பிறகு, 1970களிலிருந்து அமெரிக்காவின் ஷெப் பெயின், பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் தேய்மானம் காட்டும் முறைகளைப் பரப்பினார்கள். 1983இல் இங்கிலாந்தில் "வோர்ஹாமர்" விளையாட்டு வந்தது. தனக்கென ஒரு படையைக் கற்பனை செய்து, அது எந்த நிலத்தில் நின்றது என்று முடிவுசெய்து, அதற்கேற்ற நிறத்தைத் தானே அமைத்துக்கொள்வது பெரிய கலையாயிற்று. பாலைவனப் படைக்கு வெளிறல், சதுப்புநிலப் படைக்கு முழங்கால் வரை சேறு.

முறைகள் எளிமையானவை. தண்ணீராய்க் கரைத்த கருநிறத்தை ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி நிழலாகும். தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு மெல்ல உரசினால் மேடுகள் மட்டும் வெளிறும். இன்னொன்று நமக்கு நன்றாகப் புரியும். முதலில் துரு நிறம் பூசிக் காயவிடுவார்கள். அதை ஈரமாக்கி உப்புக் கல் தூவுவார்கள். உப்பு ஒட்டியதும் மேலே வேறு நிறம். பிறகு உப்பை உரசி எடுத்தால் பெயின்ட் உரிந்து துரு தெரிவது போலவே இருக்கும். உப்பை வைத்து அவர்கள் ஒரு மணி நேரத்தில் செய்வதை, நம் உப்புக் காற்று வருடக்கணக்கில் சும்மா செய்கிறது.

இந்தக் கலைக்கு ஒரு சட்டம் உண்டு: தேய்மானத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். கண்டபடி துரு பூசக் கூடாது. மணலில் இழுபடும் தோணியின் அடிப்பகுதியில்தான் பெயின்ட் முதலில் போகும். ஆணித் தலையிலிருந்துதான் துரு கீழே வழியும். இதை நம் கரைவலைக்காரரின் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. 2006 செப்டெம்பரில் குளத்து வேலைக்குப் போன நம்மூர் உழைப்பாளிகள் பத்துப் பேர் ஜனாஸாவாகத்தான் திரும்பினார்கள். மேசையில் விழுந்த சிப்பாயை அடுத்த ஆட்டத்துக்குத் திரும்ப நிறுத்தலாம். அவர்களை நிறுத்த முடியவில்லை. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தம் அவர்களுக்குத் திரையில் ஓடும் வர்ணம் மட்டுமே.

ஆனாலும் எனக்குப் பளபளக்கும் சிப்பாயைவிடச் சேறு பட்ட சிப்பாய்தான் மேல். பளபளப்பு, யுத்தத்தைத் திருவிழா என்று சொல்கிறது. சேறு பூசும் பிள்ளையோ, இவன் எங்கே நடந்தான், எங்கே விழுந்தான், எத்தனை நாள் குளிக்கவில்லை என்று யோசித்தே ஆக வேண்டும். அப்படி யோசிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் தூரிகையைப் பறிக்காதீர்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று வாப்பாமாரும் உம்மாமாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். நம்மூர் வரலாற்றின் அந்தப் பகுதி பாடப்புத்தகத்தில் இல்லை.