இரண்டு கையறுநிலைகள்: மெரிடித்தும் ஹார்டியும்

தாமஸ் ஹார்டியின் முதல் நாவலை வெளியிட வேண்டாம், கதைப்பின்னல் இன்னும் வலுவாக வேண்டும் என்று 1869இல் அவருக்கு அறிவுரை சொன்னவர் ஜார்ஜ் மெரிடித். இருவரையும் சேர்த்துப் பேசுவோர் பெரும்பாலும் அந்தச் சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள். ஒருவர் தையற்காரரின் மகன், மற்றவர் கொத்தனாரின் மகன். இருவரும் நாவலால் பேரெடுத்து, கவிதையையே உயர்வாக மதித்தவர்கள் என்ற ஒற்றுமையும் தெரிந்ததே. அவற்றைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. இருவருடைய ஆகச் சிறந்த கவிதைகளும், முன்பே மனத்தால் பிரிந்து, பிறகு இறந்தும்போன மனைவியைப் பற்றியவை.

மெரிடித்தின் மனைவி மேரி எலன் 1858இல் ஓவியர் ஹென்றி வாலிசுடன் போய்விட்டார். அதற்கு இரண்டாண்டு முன்பு வாலிஸ் காட்சிக்கு வைத்த 'சாட்டர்ட்டனின் மரணம்' ஓவியத்தில், நஞ்சுண்டு கிடக்கும் இளங்கவிஞனாகக் கிடந்து காட்டியவர் மெரிடித்தேதான். மேரி 1861இல் நோயால் இறந்தார். மறு ஆண்டே மெரிடித்தின் கவிதைத் தொடரான 'மாடர்ன் லவ்' வெளிவந்தது. அதில் மனைவி நஞ்சுண்டு இறக்கிறாள். ஓவியத்தில் தான் ஏற்ற சாவைக் கவிதையில் அவளுக்குக் கொடுத்துவிட்டாரோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஹார்டியின் வீட்டைவிட்டு யாரும் போகவில்லை. அவர் மனைவி எம்மா மாடியறைக்கு ஒதுங்கிக்கொண்டார். ஒரே கூரையின்கீழ் பிரிவு நீண்டது. 1912 நவம்பரில் எம்மா இறந்தபின், ஹார்டியிடம் அதுவரை அடைபட்டிருந்த அன்பெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அடுத்த மார்ச்சில், 72 வயதில், எம்மாவை முதன்முதலாகக் கண்ட கார்ன்வாலுக்கு ஹார்டி போனார். அந்த முதல் சந்திப்பின் நாளான மார்ச் 7இலேயே தம் மேசை நாள்காட்டியை நிறுத்தி வைத்தார்.

மெரிடித்தின் துயரம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது: விருந்து மேசை, படுக்கையறை, விருந்தினர் முன் நடிக்கும் தம்பதி. ஹார்டியின் துயரம் வெளியில் அலைகிறது: கடல், பாறை, மழை. யாப்பிலும் இதே வேறுபாடு தெரிகிறது. பதினான்கு அடி சானெட்டை 16 அடியாக நீட்டி, அந்த ஒரே அச்சில் 50 பாடல்களை வார்த்தார் மெரிடித். வெளியேற வழியில்லாத வாழ்வுக்கு அது பொருந்துகிறது. ஹார்டியோ எம்மாவை நினைத்து எழுதிய '1912-13 கவிதைகளில்' பாடலுக்குப் பாடல் புதிய வடிவம் தேடுகிறார். எந்த வடிவிலும் அவருக்கு மனம் அமையவில்லை.

மனைவி மட்டுமே குற்றவாளி என்று இருவருமே எழுதவில்லை. மெரிடித் பழியைப் பங்கிட்டுக்கொள்கிறார். கைவிடப்பட்ட கணவர் ஒருவர் அந்தக் காலத்தில் அவ்வாறு எழுதியது பெரிய காரியம். ஆனால் பேசுபவர் கணவர்தான். 'அவன்' என்றும் 'நான்' என்றும் மாறி மாறி வந்தாலும் குரல் அவருடையதே. ஹார்டி அங்கே ஒரு படி மேலே போகிறார். சில பாடல்களில் இறந்த எம்மாவே பேசுகிறார்: கணவர் போகுமிடமெல்லாம் கூடவே வருகிறார், விட்டுப்போன வீட்டை வந்து பார்க்கிறார். உயிரோடிருந்தபோது செவிகொடுக்காதவர், இறந்தபின் அவருக்குப் பேச இடம் தந்தார்.

இந்த இடத்தில் தராசு ஹார்டி பக்கமே சாய்கிறது. ஆனால் மெரிடித்தின் நாவல்களையும் மறுதட்டில் வைக்க வேண்டும். 1879இல் வந்த 'தி ஈகோயிஸ்ட்' நாவலில், தன்னையே வழிபடும் ஓர் ஆணிடமிருந்து விடுபடத் துடிக்கிறாள் கிளாரா. அவளுடைய தந்தையான முதிய அறிஞரின் சாயல், மேரியின் தந்தை தாமஸ் லவ் பீகாக்குடையது என்பார்கள். மேரிக்குக் கவிதையில் கிடைக்காத பேச்சு கிளாராவுக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கிறது. ஹார்டிக்கு ஓராண்டிலேயே கனிந்தது, மெரிடித்துக்குக் கனியப் பதினெட்டு ஆண்டு ஆயிற்று. கனிந்தபோது, மனைவியின் பக்கம் நின்று கணவனைப் பார்க்கும் ஒரு முழு நாவலாகவே அது வந்தது.