ஸ்வீட்வாட்டர் விமானதளமும் 38 சவப்பெட்டிகளும்

இரண்டாம் உலகப்போர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஹிட்லர், பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பர்மாவிலிருந்து நடந்தே வந்த சொந்தக்காரர் கதை ஒன்றும் கிடைக்கும். இந்தப் பதிவில் சொல்லப்போவது குண்டே விழாத, எதிரி எட்டிக்கூடப் பார்க்காத ஒரு விமானதளத்தைப் பற்றி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே ஸ்வீட்வாட்டர் என்று ஒரு சின்ன ஊர். பெயர்தான் நல்ல தண்ணீர், ஊரில் இருப்பது வெயிலும் புழுதியும். அங்கே இருந்த தளத்தின் பெயர் அவெஞ்சர் ஃபீல்டு.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. விமானத்தை ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்துவிடலாம். ஓட்டுவதற்கு ஆள்? அதற்காக நாடு முழுக்கப் பயிற்சித் தளங்கள் முளைத்தன. தட்டையான நிலமும் மேகம் குறைந்த வானமும் இருந்ததால் டெக்சாஸில் நிறைய. எல்லாவற்றையும் ராணுவமே நடத்தவில்லை, பல இடங்களில் தனியார் விமானப் பள்ளிகள் ஒப்பந்தத்தில் நடத்தின. அவெஞ்சர் ஃபீல்டும் அப்படித்தான். 1942-ல் அங்கே பயிற்சி எடுத்தது ஆண்கள். 1943 பிப்ரவரியில் பெண்கள் வந்து இறங்கினார்கள். சீக்கிரமே தளம் முழுக்க அவர்களுடையதாகிவிட்டது.

ஆண் விமானிகள் போர்முனைக்குப் போக வேண்டும், உள்நாட்டு வேலையைப் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். ஜாக்குலின் காக்ரன், நான்சி லவ் என்ற இரண்டு பெண் விமானிகள் தனித்தனியாக ஆரம்பித்த குழுக்களை 1943 ஆகஸ்டில் ஒன்றாக்கி 'வாஸ்ப்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் குளவி என்றும் அர்த்தம் :-)

சேர விண்ணப்பித்தவர்கள் 25,000 பேருக்கு மேல். எடுக்கப்பட்டவர்கள் 1,830 பேர். பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். நம் வங்கித் தேர்வுகள் தோற்றுவிடும் போலிருக்கிறதே!

ஒரு அறைக்கு ஆறு கட்டில், இரண்டு அறைக்கு ஒரே குளியலறை. போட்டுக்கொள்ள ஆண்கள் அளவில் தைத்த தொளதொள உடுப்பு. அரை நாள் வகுப்பு, அரை நாள் வானத்தில். முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியவரைத் தோழிகள் தூக்கிக்கொண்டு போய் வளாகத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது வழக்கம். ஆரம்ப நாட்களில் வேடிக்கை பார்ப்பதற்கென்றே 'எஞ்சின் கோளாறு' என்று சொல்லி ஆண் விமானிகள் வந்து இறங்க, நிஜமான அவசரம் தவிர வெளியார் இறங்கக்கூடாது என்று தடை போட வேண்டியதாயிற்று.

பயிற்சி முடித்தவர்கள் ஆலையிலிருந்து விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பழுது பார்த்த விமானத்தை முதலில் ஓட்டிச் சோதித்தார்கள். துப்பாக்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தார்கள். கீழேயிருந்து சுடுவது நிஜக் குண்டு. குறி தப்பினால் விமானத்தில் ஓட்டை. பி-29 குண்டுவீச்சு விமானத்தை ஓட்ட ஆண்கள் பயந்தபோது, அதிகாரி பால் டிபெட்ஸ் இரண்டு வாஸ்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஓட்டிக்காட்டச் சொன்னார். ஆண்களின் பயம் போனது. பின்னால் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட அதே டிபெட்ஸ்தான்.

இந்த வேலையில் இறந்த பெண்கள் 38 பேர். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அவர்கள் பறந்தது ராணுவ விமானம், கேட்டது ராணுவக் கட்டளை. ஆனால் ஏட்டில் அவர்கள் சிவிலியன் ஊழியர்கள். அதனால் ராணுவக் காப்பீடு கிடையாது. சவப்பெட்டிமேல் தேசியக்கொடி போர்த்தும் உரிமை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பக்கூட ராணுவம் பணம் தராது. கூட இருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிவைத்தார்கள்.

வங்கியில் இருபது வருடம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் பதினாறு வருடம் தினக்கூலியாக இருந்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். நாங்கள் வசூல் செய்துதான் உடலை பீகாரில் அவர் கிராமத்துக்கு அனுப்பினோம். பணம் தரலாம் என்று மேலிடத்துக்கு எழுத, அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒருவர் என்ன வேலை செய்தார் என்பதைவிட எந்த ஏட்டில் இருந்தார் என்பதைத்தான் பணம் பார்க்கும்.

38 பேரில் ஒருவர் ஹேசல் யிங் லீ. சீன வம்சாவளி அமெரிக்கர். 1944 நவம்பரில் மொன்டானாவில் விமானங்கள் மோதிய விபத்தில் தீக்காயப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். மூன்றாம் நாள் அவர் தம்பி பிரான்சில் போரில் இறந்த செய்தி வந்தது. போர்ட்லண்டில் குடும்பம் தேர்ந்தெடுத்த கல்லறைத் தோட்டத்தில், ஆசியர்களுக்கு அந்தப் பகுதியில் இடமில்லை என்றார்கள். அந்தக் குடும்பம் போராடித்தான் இருவரையும் அங்கே அடக்கம் செய்தது.

வாஸ்ப்பை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா 1944 ஜூனில் 19 ஓட்டில் தோற்றது. வேலை போய்விடுமோ என்று பயந்த ஆண் சிவிலியன் விமானிகளின் எதிர்ப்பு முக்கியக் காரணம். டிசம்பர் 7 அன்று அவெஞ்சர் ஃபீல்டில் கடைசி வகுப்புக்குப் பட்டமளிப்பு நடந்தது. விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்டே வந்து பாராட்டினார். டிசம்பர் 20 அன்று அமைப்பைக் கலைத்துவிட்டார்கள்.

அதன்பின் முப்பது வருடம் ஆவணங்கள் பூட்டிக் கிடந்தன. 1976-ல், முதன்முறையாகப் பெண்களுக்கு விமானி பயிற்சி தரப்போகிறோம் என்று விமானப்படை அறிவித்தது. முதன்முறையாகவா? பாட்டிகள் கொதித்துவிட்டார்கள். 1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்தில் முன்னாள் படையினர் என்ற தகுதி கிடைத்தது. 2010-ல் காங்கிரஸின் தங்கப்பதக்கம். அப்போதும் முடியவில்லை. 2015-ல் இறந்த எலைன் ஹார்மனின் அஸ்தியை ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் வைக்க ராணுவம் மறுத்தது. பேத்திகள் உட்பட குடும்பமே ஓடியாடி 2016-ல் தனிச்சட்டமே கொண்டுவர வைத்தது. அதே 2016 ஜூனில்தான் நம் நாட்டில் மூன்று பெண்கள் முதன்முதலாகப் போர் விமானிகளாக விமானப்படையில் சேர்ந்தார்கள், முழு அதிகாரிகளாக.

அவெஞ்சர் ஃபீல்டின் பழைய ஹாங்கர் ஒன்றில் 2005 முதல் வாஸ்ப் அருங்காட்சியகம் நடக்கிறது. அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் டெக்சாஸ் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே வீட்டில் யாராவது முதல் வேலைக்கு நியமனக் கடிதம் வாங்கி வந்தால், சம்பளத்தை மட்டும் பார்க்காமல், எந்த வகை நியமனம் என்று போட்டிருக்கும் அந்தச் சின்ன வரியையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.