தலையணை உறையின் மறுபக்கம்

போன பொங்கலுக்குக் கொத்தமங்கலம் போயிருந்தேன். வளவு வீட்டில் எங்கள் பங்குக்கு உள்ள அறையை ஒழித்தபோது ஒரு பெட்டியில் ஆறு தலையணை உறைகள் கிடைத்தன. வெள்ளைத் துணியில் மயிலும் கொடியும். "அப்பத்தா கையால போட்ட பூவேலை" என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மூலையில் துருப்பிடித்து நின்ற தையல் மிஷினை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பச்சை நூல், அடியில் வெள்ளை நூல். கையால் தைத்தால் ஒரே நூல்தான் இரண்டு பக்கமும் போய் வரும். மேல் நூலும் பாபின் நூலும் தனித்தனியாக வந்து துணிக்கு நடுவே கொக்கி போட்டுக்கொண்டால் அது மிஷின் தையல். ஆனால் தையல் நீளம் சீராக இல்லை. வளைவில் நெருக்கமாகவும் நேரான இடத்தில் அகலமாகவும் விழுந்திருந்தது. மிஷின் தானாகத் துணியை நகர்த்தியிருந்தால் இப்படி வராது. ஊசியை ஓட்டியது மிஷின், துணியை ஓட்டியது கை.

இது எனக்குப் பழக்கமான தையல். ஒரு வருடமாக நானும் மகளும் வீட்டில் சட்டி பிடிக்கும் துணி, டேபிள் மேட் என்று சின்னச் சின்னதாக 'ஃப்ரீ மோஷன் குயில்டிங்' பழகுகிறோம். மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித் துணி என்று மூன்று அடுக்கு. ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, பேனாவை அசைக்காமல் காகிதத்தை நகர்த்தி எழுதுவது போல இரண்டு கையாலும் துணியை ஓட்ட வேண்டும். அப்பத்தா செய்ததும் இதேதான். அவருக்குப் பஞ்சு அடுக்கு கிடையாது, அதனால் துணி விறைப்பாக நிற்க வளையம் மாட்டியிருப்பார்.

அமெரிக்காவில் மிஷின் குயில்டிங்குக்கு மரியாதை வந்ததே தாமதமாகத்தான். கையால் தைத்ததுதான் கலை, மிஷினில் தைத்தது மட்டம் என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது. 1989-ல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடந்த தேசியக் கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் மிஷின் குயில்ட் முதல் பரிசு வாங்கியது. மிஷின் தையல் அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஹாரியட் ஹார்கிரேவ் எழுதிய புத்தகம் இந்த முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஆனால் வீட்டு மிஷினில் பூவேலை போடுவது அதைவிடப் பழசு. சிங்கர் கம்பெனி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்குப் பாடப் புத்தகம் போட்டிருக்கிறது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார்.

எங்கள் மிஷின் பர்மாவிலிருந்து வந்தது என்று வீட்டில் ஒரு கதை உண்டு. துருவைத் துடைத்தால் 'உஷா' என்று இருந்தது. கல்கத்தா ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் தயாரிக்கத் தொடங்கிய மிஷின். பர்மாக் கதை அதோடு முடிந்தது.

எண்ணெய் விட்டு, காரைக்குடியில் புது பெல்ட் வாங்கி மாட்டினேன். காலைக் கழற்றி, பல்லை இறக்கி, பழைய வேட்டித் துண்டில் ஓட்டினேன். நாலு தையலில் அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டது. மூன்று தடவை பிரித்துப் போட்டும் அதே கதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை (எண்பது தாண்டியவர்) சிரித்தார்.

"கால் இல்லாட்டியும் லீவரை இறக்கணும் தம்பி. இல்லேன்னா மேல் நூலை யாரு பிடிச்சுக்குவா?"

உண்மைதான். லீவரை இறக்கினால்தான் நூலை இறுக்கும் தட்டுகள் மூடும். தூக்கியிருந்தால் மேல் நூல் கட்டுப்பாடில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கால்தான் இல்லையே என்று நான் லீவரைத் தொடவே இல்லை. இருபது வருடமாகச் சாஃப்ட்வேரில் பிழை தேடுகிறவன், இதைக் கோட்டை விட்டேன்.

"அப்ப மிஷின்ல போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் அத்தை எல்லாரும் கையால போட்டதுன்னே சொல்றீங்க?"

"மிஷின்னா கடையில வாங்கினதுன்னு நெனைப்பாகப்பா. துணிய ஓட்டினது கைதானே?"

அப்பத்தாவைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெருமையில் அவர் உண்மையில் கற்றுக்கொண்ட வித்தை மறைந்துபோனது. உறைகளைப் பத்திரமாக வைத்துவிட்டு, அவற்றைப் போட்ட மிஷினை இரும்புக்குக் கொடுக்கப் பார்த்தோம்.

மிஷின் இப்போது என் வீட்டில். மயில் கழுத்து வளைவு இன்னும் எனக்கு வரவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய பூவேலைத் துணி இருந்தால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் வேறு நிற நூல் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.