பல்லுக்குள் பாதரசம்: ஒரு கையெழுத்துச் சண்டையின் கதை

"டாக்டர், இருபது வருஷம் முன்னாடி கடைவாய்ப் பல்லுல வெள்ளி அடைச்சேன். அதுல பாதரசம் இருக்காமே, எடுத்துடவா?"

அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலுக்கு முன்னாடி ஒரு பழைய சண்டையைச் சொல்றேன்.

1833. கிராக்கோர் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்குச் சொத்தையை அடைக்க உசத்தியான சரக்கு தங்க ரேக்கு. செலவும் அதிகம், நேரமும் அதிகம். இவர்களோ வெள்ளி நாணயத்தைச் சுரண்டிப் பாதரசத்தில் குழைத்து அப்பிவிட்டார்கள். சொத்தையைக்கூடச் சுத்தம் செய்யலை! வைத்த பெயர் 'ராயல் மினரல் சக்சிடேனியம்'. பேரைப் பார்த்தாலே வியாபாரம் புரியுதா?

அடைப்பு உப்பியதில் பல் விரிசல் விட்டது. தங்கம் அடைத்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1845-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், "அமால்கம் தொட மாட்டேன்" என்று உறுப்பினர்களிடம் கையெழுத்துக் கேட்டது. போடாதவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. ஏழை நோயாளிக்கு வேறு என்ன வழி என்று சங்கம் சொல்லலை. 1856-ல் சங்கமே கலைந்துபோனது. அமால்கம் நிலைத்தது.

சண்டையை அளவுகோலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத இல்லினாய்ஸ்காரர் ஜி.வி. பிளாக். 1890-களில் அமால்கம் இறுகும்போது எவ்வளவு விரிகிறது, சுருங்குகிறது என்று நுண்ணளவியால் அளந்தார். வெள்ளி கூடினால் விரியும், வெள்ளீயம் கூடினால் சுருங்கும். விரிந்தால் பல் உடையும். சுருங்கினால் இடுக்கில் மறுபடி சொத்தை. சீவி வைத்த உலோகத்தூள் நாளானால் குணம் மாறுவதையும் கவனித்தார். மனுஷன் எவ்வளவு வலுவாகக் கடிக்கிறான் என்பதற்கும் கருவி செய்தார்! அவர் கண்ட கலவை விகிதம்தான் பல பத்தாண்டு நின்றது. 1919-ல் அமெரிக்க ராணுவம், எந்த அமால்கத்தை வாங்கலாம் என்று அந்நாட்டுத் தரநிர்ணய ஆய்வகத்தைக் கேட்டது. தரக்கட்டுப்பாடு அங்கிருந்து வளர்ந்தது.

சரி, பாதரசம்? அதற்கு நுண்ணளவி பதில் சொல்லாது. மெல்லும்போது துளியூண்டு ஆவி வரும், உண்மைதான். 2006-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன, ஒன்று அமெரிக்காவில், ஒன்று லிஸ்பனில். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அமால்கம், மறுபாதிக்குப் பல் நிற கம்பாசிட். ஐந்து முதல் ஏழு வருஷம் கவனித்தார்கள். அமால்கம் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது. அறிவுத்திறனிலும் நரம்புச் செயல்பாட்டிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

அப்புறம் ஏன் ஐரோப்பிய ஒன்றியம் 2025-லிருந்து தடுத்தது? பெரிய காரணம் சுற்றுச்சூழல். பாதரசம் சாக்கடை வழியா மீனுக்குப் போய், நம்ம தட்டுக்கே திரும்பும்.

இப்போ உங்க பல். அடைப்பு உடையாமல், கீழே சொத்தை இல்லாமல் இருந்தால் நோண்டாதீங்க. குடையும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். புதுசா அடைக்கறீங்க, நீங்க கர்ப்பிணியா, பாலூட்டறவங்களா, சிறுநீரகக் கோளாறு இருக்கா, இல்லை ஆறு வயசுக்குள்ள குழந்தைக்கா? அப்போ பல் டாக்டர்கிட்ட, "பாதரசம் இல்லாதது போடலாமா?"ன்னு கேளுங்க.