மென்மரமும் வன்கம்பியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலமலைக்குள் செல்லுகிறவர்கள், வெயிலைப் பொறாத ஏலச்செடிக்கு நிழல் தரும்பொருட்டு வெட்டாமல் விட்டுவைக்கப்பட்ட நெடுமரங்களின் கீழாகவே பெரும்பாலும் நடந்து செல்லுகிறார்கள். அவற்றுள் பலாவும் அயினியும் உண்டு. குளிர்காலத்தில் இலையுதிர்த்துப் பின்னர்ச் செந்தளிர் விடும் சந்தன வேம்பும் உண்டு. தோட்டக்காரர் கண்ணுக்கு இவை நிழல் மரங்கள். வாத்தியம் செய்கிறவனுடைய கண்ணுக்கோ இவை வேறொரு சரித்திரத்தைச் சேர்ந்தவை. தஞ்சாவூர் வீணையின் குடமும் தண்டியும் பலாமரத்தால் ஆனவை. சந்தன வேம்பை வடநாட்டார் துன் என்று அழைத்து, சிதாருக்கும் தம்பூராவுக்கும் அதன் பலகையையே நெடுங்காலமாக விரும்பி எடுத்திருக்கிறார்கள். மின்சாரக் கிதாரின் உடலுக்கும் இவ்வாறே எடை குறைந்த மரங்களைத் தேடுகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

நாதத்துக்கு இசைகிற மரம், மடியில் வைத்தாலும் தோளில் மாட்டினாலும் பாரமாகாத மரம், பெரும்பாலும் வைரம் பாயாத மென்மரமாகவே அமைந்துவிடுகிறது. அதன்மேல் கட்டப்படும் கம்பியோ உலோகம். கம்பியைத் தாங்குகிற குதிரையும் ஆணியும் திருகும் உலோகம். ஓயாமல் இழுக்கிற வலிய பொருளும், இழுப்புக்கு இடங்கொடுக்கிற மெல்லிய பொருளும் சந்திக்கிற அந்தச் சிறிய இடத்தில்தான் வாத்தியத்தின் ஆயுள் நிர்ணயமாகிறது. அந்த இடத்தை நம் முன்னோரும் பிற தேசத்தாரும் எவ்வாறு காத்தார்கள் என்பது தனியாக எடுத்துச் சொல்லத் தகுந்த வரலாறு என்பது என் அபிப்பிராயம்.

பழந்தமிழரின் யாழிலே இந்தச் சிக்கல் கடுமையாக இருந்திருக்க நியாயமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வருகிற இடையன், குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, தனக்கென ஒரு வில்யாழைச் செய்துகொள்ளுகிறான். குமிழம் எடையற்ற மரம், நாரும் மெல்லிய பொருள், இரண்டுக்குமிடையே பகையில்லை. ஆயினும் பெரிய யாழ்களைச் செய்தவர்கள் மரத்தில் துளையிட்டு உறுப்புகளைப் பொருத்தியபோது, அந்தத் துளை நெகிழாமலிருக்க வேண்டிய உபாயத்தையும் அறிந்திருந்தார்கள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கும்போது, துளைகளை நிரப்பி முடுக்கப்பட்ட ஆணிகளை நண்டின் கண்களுக்கு ஒப்பிடுகிறார். கரிகாலனைப் பாட வந்த புலவர், பரிசிலையும் விருந்தையும் சொல்லுவதற்கு முன்னால், ஒரு துளை எப்படி அடைபட்டிருந்தது என்பதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது, அக்காலத்துக் கைவினைஞரிடத்தில் அவருக்கு இருந்த மதிப்பு நமக்கு விளங்குகிறது. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளிவந்த தம் யாழ் நூலில் இந்த உறுப்புகளையெல்லாம் ஆராய்ந்து தந்திராவிட்டால், இன்றைக்கு இவற்றைப் பொருள் உணர்ந்து படிப்பவர் மிகச் சிலராகவே இருப்பர்.

நாரும் நரம்பும் போய் உலோகக் கம்பி வந்தபிறகு நிலைமை மாறிற்று. தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இருபத்துநான்கு மெட்டுகளோடு இன்றைய உருவத்தைப் பெற்றதாக மரபு கூறுகிற வீணையிலே, வாசிப்புக் கம்பிகள் நான்கும் தாளக் கம்பிகள் மூன்றுமாக ஏழு உலோகக் கம்பிகள் ஒரே காலத்தில் பலாமரத்தை இழுக்கின்றன. இந்த ஏழு கம்பிகளின் வலிமையையும் ஆசாரிகள் ஓரிடத்திலே சுமத்தாமல் இரண்டாகப் பிரித்தார்கள் என்பதுதான் அவர்களுடைய யுக்தியின் சிறப்பு. கம்பியின் இழுப்பு முழுவதும் குடத்தின் பின்புறத்தில் இறுக்கப்பட்ட, நாகபாசம் என்னும் கம்பிப் பிடிப்புக்குப் போகிறது. அங்கே மரம் கனமாக இருக்கிறது. கம்பியும் குடத்தின் விளிம்பைத் தழுவிச் செல்லுகிறது. குடத்தை மூடியிருக்கிற மெல்லிய பலகையின்மேல் நிற்கிற குதிரைக்குக் கீழ்நோக்கிய அழுத்தம் ஒன்றே மிஞ்சுகிறது. பலகையிலே திருகும் இல்லை, ஆணித் துளையும் இல்லை. ஆகையால் பிளப்பதற்கு ஒரு தொடக்கமும் இல்லை.

குதிரையும் மரமே. ஆனால் கம்பி அதன்மேல் நேராகப் படுவதில்லை. நேராகப் பட்டால் சில மாதங்களில் கம்பி மரத்தை அறுத்து உள்ளே இறங்கிவிடும். அதற்காக வெண்கலத்திலோ பித்தளையிலோ ஒரு தகட்டை மிகச் சிறிது குவிவாக அமைத்து, குதிரையின் தலையிலே அரக்குப் போன்ற பிசினால் பதிக்கிறார்கள். பழைய வீணையொன்றின் குதிரையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்தத் தகட்டிலே கம்பிகள் பதிந்த மெல்லிய வரிகளைக் கண்டிருப்பார்கள். வரி ஆழமாகிக் கம்பி கரகரக்கத் தொடங்கியதும் ஆசாரி தகட்டை அரத்தால் சீவி மெருகிடுகிறார். தேய்வை எல்லாம் தகடு ஏற்றுக்கொள்ளுவதால் கீழேயுள்ள மரம் தலைமுறைக் கணக்கில் பழுதின்றி நிற்கிறது. மெட்டுகளும் அப்படியே. வெண்கல மெட்டுகள் மரத்தில் அறையப்படுவதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் கலந்து உருக்கி வார்த்த மெழுகுச் சட்டத்தின்மேல், சுருதியைக் காதால் கேட்டுக்கேட்டு, ஒவ்வொன்றாகப் பதிக்கப்படுகின்றன. இதனை மேளம் கட்டுதல் என்பார்கள். வெயிலில் மெழுகு இளகினால் மேளம் கலையும், மறுபடியும் கட்டவேண்டும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டார்களே தவிர, மென்மரத்தில் உலோகத்தை அறைந்து அதைப் புண்படுத்த அவர்கள் சம்மதிக்கவில்லை.

அந்த மெழுகும் குங்கிலியமும் மலைபடு திரவியங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் நிற்கும் கருங்குங்கிலிய மரத்தின் பட்டையிலிருந்து வடிந்து உறைகிற கரிய பிசினும், பாறை விளிம்புகளிலும் உயர்ந்த கிளைகளிலும் மலைத்தேனீ கட்டுகிற பெரிய அடைகளும், போடி மலைச்சரிவுகளில் வாழும் பளியர் முதலிய மலைக்குடிகளின் பழைய சேகரிப்புப் பொருள்கள். வீணை செய்தவர்களின் பெயரைச் சரித்திரம் ஓரளவுக்கு நினைவில் வைத்திருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மலைத்தேனுக்காகப் பாறையில் இறங்கினவர்களுக்கும் அந்த வாத்தியத்தில் பங்கு உண்டென்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மென்மரத்துக்கு உலோகத்தாலேயே காப்புக் கட்டும் வழக்கமும் இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. போடிக்கு மேலே மலையிலுள்ள குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்துசேர்ந்த காலம் ஒன்று இருந்தது. தேயிலையை டாப் ஸ்டேஷன்வரை கொண்டுசேர்த்த மலைமேல் மார்க்கம், 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தோடு தொடங்கி, 1908-இல் சிறிய ரயில் பாதையாக மாறி, 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். அக்காலத்துத் தேயிலைப் பெட்டிகள் கப்பல் கூலியை உத்தேசித்து மெல்லிய, கனமற்ற பலகைகளால் செய்யப்பட்டவை. விளிம்புகளில் தகரப் பட்டை மடித்து ஆணியடித்திருப்பார்கள். வலிமை வேண்டிய விளிம்புக்கு மட்டும் வலிமை கொடுத்து, மற்ற இடத்தைக் கனமற்றதாக விட்டுவிடுவதென்ற அதே விவேகம் அந்தப் பெட்டியிலும் இருந்தது.

இனிக் கிதாரைப் பற்றிச் சொல்லவேண்டும். போடியிலிருந்து தேவாரம் வழியாக மலையடிவாரத்திலேயே தெற்கே சென்றால் வருகிற பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்று, 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவருவதற்கு முன்னால் இசைக்குழுக்களில் கிதார் வாசித்தே ஜீவனம் நடத்தினவர் என்பது யாவரும் அறிந்தது. அவருக்குப் பின்னர் இந்த அடிவாரத்து ஊர்களில் கிதாரைக் கையிலெடுக்காத தெரு அரிது என்று சொன்னாலும் மிகையாகாது.

மின்சாரக் கிதாரில் கம்பியின் அதிர்வை ஏற்பது குடமன்று, கம்பியின் கீழுள்ள காந்தச் சுருள். ஆதலால் உடல் திண்ணிய பலகையாகவே இருக்கலாம். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1949-இல் செய்த முதல் மாதிரியின் உடல் பைன் என்னும் மென்மரம். மறு ஆண்டிலிருந்து ஆஷ் மரத்துக்கு மாறினார். 1954-இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில், கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் ஸ்வரத்தை அசைக்கும் குதிரை ஆறு திருகுகளால் மரத்தில் நின்றது. கிப்ஸன் கம்பெனியாரோ, வீணையின் நாகபாசத்தைப்போல இழுப்பைப் பின்விளிம்புக்குக் கொண்டுசெல்லும் அமைப்பை 1952-இல் லெஸ் பால் கிதாரில் வைத்துப் பார்த்துவிட்டு, மிக விரைவிலேயே உடலின் நடுவே ஊன்றிய இரண்டு முளைகளின்மேல் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டார்கள். மஹாகனி மரம் அதைத் தாங்கிற்று. 1970-களின் பிற்பகுதியில் ஃப்ளாய்ட் ரோஸ் கண்டுபிடித்த ஆடும் குதிரை வந்ததும், இரண்டே முளைகளில் ஊன்றிய அதன் கத்திமுனைகள்மேல் ஆறு கம்பிகளும் ஏறக்குறைய 45 கிலோ வரை ஓயாமல் முன்னோக்கி இழுக்க, வாசிப்பவர் கை அந்த இழுப்பை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கிற்று.

அதே காலத்தில் கனமற்ற கிதார்மேல் மோகம் வளர்ந்தது. ஒரு கன மீட்டர் மேப்பிள் சுமார் 700 கிலோ நிறை உள்ளதாயின், பாஸ்வுட் சுமார் 400 கிலோ. பாலோனியா 300 கிலோவுக்குச் சற்று ஏறத்தாழத்தான். இவ்வளவு மென்மையான மரத்தில் உலோகக் குழலை அழுத்திச் செருகி, அதற்குள் முளையைத் திருகினால், குழலின் முன்பக்கத்து நார்கள் நாளடைவில் நசுங்குகின்றன. முளை கம்பிகளின் பக்கமாகச் சாய்கிறது. ஆட்டிவிட்ட குதிரை பழைய இடத்துக்குத் திரும்பாமையால் சுருதி நிற்பதில்லை. கடைசியில் துளையிலிருந்து அருகிலுள்ள குழிவுவரை மரம் கீறிவிடுகிறது. புதிதாக வாங்கினவர் சுருதி நிற்காத குறையைக் கம்பியின் மேலும், அதை முறுக்கும் பிரடையின் மேலும் ஏற்றிக்கொண்டிருப்பார். குற்றமோ நசுங்கிய நாரில் இருக்கிறது.

இதைச் செப்பனிடும் முறை பார்க்கத் தகுந்தது. முதலில் கம்பிகளைத் தளர்த்தி, முளையைக் கழற்றி, குழலின் அடியில் ஒரு சிறு இரும்புத் துண்டைப் போட்டு மறுபடியும் முளையை உள்ளே திருகுகிறார்கள். போக இடமில்லாத முளை, குழலையே மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. மரத்தை நெம்ப வேண்டிய அவசியமில்லை. பிறகு, நசுங்கிய நார் எல்லாம் நீங்கும் அளவுக்குத் துளையை அடி சமமாகப் பெரிதாக்கி, மேப்பிள் போன்ற வைரமரத்தால் அடைப்புச் செருகி, பசை நன்றாக உலர்ந்தபின், அந்தப் புதிய மரத்திலே குழலுக்கு உரிய துளையைப் போடுகிறார்கள். இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கடையில் விற்கிற உருண்டைக் குச்சியை அறுத்துச் செருகினால் அதன் நார் செங்குத்தாக நிற்கும். செங்குத்து நாரில் திருகின் பிடிப்புக் குறைவு. பலகையின் முகத்திலிருந்தே வெட்டியெடுத்த அடைப்பில் நார் உடலின் நார் ஓடும் திசையிலேயே ஓடும். திருகு அதில் வலுவாகப் பிடிக்கும். சிறிய திருகுகளுக்கு இவ்வளவு வேண்டாம். நீரோட்டமான உடனொட்டுப் பசையைத் துளையின் சுவரில் ஊறவிட்டு உலரச் செய்தாலே நார் இறுகிவிடும்.

கீறின பிறகு செப்பனிடுவதைவிட, செய்யும்போதே வலுவூட்டுவது மேலான தொழில். 1958-இல் கிப்ஸன் வெளியிட்ட இஎஸ்-335 கிதாரின் இருபக்கமும் வெற்றுக்கூடு. நடுவிலே மட்டும் தலை முதல் அடிவரை ஒரு மேப்பிள் கட்டை. குதிரையின் முளைகள் அந்தக் கட்டையில் இறங்குகின்றன. மின்சாரமில்லாத கிதாரிலும், மென்மையான ஸ்ப்ரூஸ் மேல்பலகையின் உட்புறத்தில், குதிரைக்கு நேர்கீழே, மேப்பிளாலோ ரோஸ்வுட்டாலோ ஆன சிறு பட்டை ஒட்டியிருக்கும். கம்பியின் உருண்டை முனை அதிலே மாட்டுகிறது. 1993-இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிதாரின் மெல்லிய மரவுடலுக்குக் கரியிழைப் போர்வை போர்த்தினார்கள். வடநாட்டுச் சிதாரில் துன் பலகைமேல் நிற்கும் குதிரைக்கு மான்கொம்பால் முகம் வைத்ததும், நம் ஆசாரி வெண்கலத் தகட்டைப் பிசினில் பதித்ததும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் எது சிறந்ததென்று என்னைக் கேட்டால், வீணையின் முறையையே சொல்லுவேன். ஏனெனில் மற்றவர்கள் காயப்படும் இடத்துக்குக் காப்புத் தேட, வீணைக்காரர் காயமே நேராதபடி இழுப்பையும் அழுத்தத்தையும் வெவ்வேறாகப் பிரித்துவைத்தார்.

மலைத்தோட்டங்களில் காற்றுக்குச் சாய்கிற பலாவும் சந்தன வேம்பும் பெரும்பாலும் விறகுக்கும் பெட்டிப் பலகைக்குமே போய்விடுகின்றன. தோட்டமுடையவர்கள், வனச்சட்டத்துக்கு உட்பட்டு, அப்படிச் சாய்ந்த மரத்தில் ஒரு நல்ல துண்டத்தையாவது நிழலில் உலரவைத்து வாத்தியம் செய்கிறவர் கையில் சேர்ப்பித்தால் அது பெரும் உபகாரமாகும். அந்த மரத்தில் கிதார் செய்ய எண்ணும் இளைஞர்கள், குதிரையின் திருகை மரத்தில் இறக்குவதற்கு முன்னால், அந்த இடத்தில் ஒரு வைரமர அடைப்பைப் பதித்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.