தாத்தாவின் தீப்பெட்டிப் படங்கள்

போன மாதம் பிரான்சிலிருந்து பேரன் போனில் பேசினான். "தாத்தா, சிகரெட் பாக்கெட்டுல வந்த ஒரு அட்டை 57 கோடி ரூபாய்க்கு மேல போயிருக்கு, தெரியுமா?" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். விவரத்தை அனுப்பி வைத்தான். படித்தபோது உண்மைதான் என்று தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. 57 கோடி காரணமல்ல. பத்து வயதில் நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்துவிட்டது.

முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம் உண்டு. நம் கில்லிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. சட்டைப்பையில் வைத்தால் நசுங்கும். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். சும்மா செருகுவானேன் என்று அதில் படம் அச்சடித்தார்கள். நடிகை, மிருகம், ராணுவ உடை, விளையாட்டு வீரர் என்று வரிசை வரிசையாக வந்தன. இங்கிலாந்தில் கிரிக்கெட் வீரர்களின் படங்கள் வந்தன. நம் ரஞ்சித்சிங்ஜிகூட அப்படி சிகரெட் அட்டையில் ஏறியவர்தான்.

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை வெளியிட்டது. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற பிட்ஸ்பர்க் வீரரின் அட்டை மட்டும் கொஞ்ச நாளிலேயே நின்றுபோயிற்று. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று அவர் தடுத்தார் என்பார்கள் சிலர். பணம் கேட்டார், கொடுக்கவில்லை என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை அறுபது வாக்கில்தான். அதில் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போனது. அகலம் ஒன்றரை அங்குலத்துக்குள், நீளம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய நம் தீப்பெட்டியின் மேல்படம் அளவுதான்.

அந்த அளவுதான் என்னைத் தாத்தாவின் நோட்டுக்குக் கொண்டுபோயிற்று.

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை என்றால் சுற்று வட்டாரமே அறியும். அந்தச் சந்தைக்குப் போகும் வழியில் தாத்தா ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். உப்பு, புளி, பீடி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். தமிழ் எழுதுவார், கணக்கு மின்னல் மாதிரி போடுவார். இங்கிலீஷும் பிரெஞ்சும் படிக்கத் தெரியாது. தீப்பெட்டி மேல் இருந்த எழுத்தெல்லாம் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும், அல்லது ஸ்வீடிஷ் மொழியாக இருக்கும். அதனால் எந்தச் சரக்கு என்று தெரிவதற்காக, கணக்கு நோட்டில் அந்தந்தப் பக்கத்தில் அந்தப் பெட்டியின் படத்தையே ஒட்டிவிடுவார். பக்கத்தில் தேதி, எத்தனை குரோசு, என்ன விலை என்று எழுதுவார். அவர் சேகரிப்பாளர் அல்ல. அது அவருடைய பேரேடு.

சரக்கு வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியாது. "யானைப்பெட்டி ஒண்ணு குடு", "கப்பல்பெட்டி குடு" என்பார்கள். படம்தான் பெயர். அதனால்தான் தீப்பெட்டிக்காரர்கள் படத்துக்கு அத்தனை மெனக்கெட்டார்கள்.

அந்தப் படங்கள் வந்த வழியைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சியில் பெரும்பங்கு வெளிநாட்டுச் சரக்கு. ஸ்வீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்தது. 1914-இல் ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் ஜப்பான் முந்திக்கொண்டது. கோபேயிலும் ஒசாகாவிலும் அச்சடித்த படங்களில் நம் யானை, நம் புலி, நம் கிருஷ்ணர் எல்லாம் இருந்தார்கள். குழலூதும் கண்ணனை ஜப்பான்காரர் கல்லச்சில் போட்டு, கப்பலேற்றி, நம் அடுப்பங்கரைக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு வரி வந்தது. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு பன்னிரண்டு அணாவாக இருந்த சுங்கத்தை ஒன்றரை ரூபாயாக ஏற்றினார்கள். குமாஸ்தா புத்தி போகாது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரோசுக்கு 144 பெட்டி. ஒன்றரை ரூபாய் என்றால் 288 பைசல்லி. பெட்டிக்கு இரண்டு சல்லி. இந்த இரண்டு சல்லிதான் சிவகாசியை உண்டாக்கியது என்றால் அது பெரிய மிகையில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று 1923-இல் ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த அந்தக் கரிசல் பூமி தீக்குச்சிக்கு ஏற்றதாக இருந்தது. வேலையில்லாத கைகளும் நிறைய இருந்தன. தீப்பெட்டிக்குப் படம் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன. இன்று நம் வீட்டில் தொங்கும் காலண்டர்வரை அந்த வழி வந்ததுதான். ஸ்வீடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சுங்கத்தைத் தவிர்க்க இங்கேயே விம்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னை திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ரயில் நிலையம் இருக்கிறதே, அந்த விம்கோதான். 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் அரசு தீர்வை போட்டது. பெட்டியைச் சுற்றி ஒரு வரிச்சீட்டு ஒட்டப்பட்டது. நம் வயதுக்காரர்களுக்கு அதைக் கிழித்துப் பெட்டி திறந்த ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பக்கத்துக் கதை. நாம் இருந்தது பிரெஞ்சுக்காரன் பக்கம். நம் கொம்யூன்களின் எல்லை எப்படி வளைந்து வளைந்து போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயல் ஒரு சர்க்காரில், கிணறு இன்னொரு சர்க்காரில். பணமும் வேறு கணக்கு. ரூபாய்க்கு எட்டு பணம், பணத்துக்கு இருபத்து நான்கு காசு. பிரெஞ்சுக்காரன் அதையே 'ஃபனோன்', 'காஷ்' என்று எழுதி 1923 முதல் தபால்தலையிலும் அச்சடித்தான். ரூபாய்க்கு 192 காசு, அந்தப் பக்கம் ரூபாய்க்கு 192 சல்லி. இரண்டும் ஒன்றே. தாத்தா இரண்டு கணக்கும் எழுதுவார். 1941-இல் இரண்டு பக்கத்துக்கும் சுங்க உடன்படிக்கை ஏற்பட்டது, 1949-இல் முறிந்தது. அதன்பிறகு 1954 நவம்பர் வரை எல்லையில் சோதனைச்சாவடிக் கெடுபிடி. இத்தனை மாற்றத்தையும் தாண்டி ஒரு மளிகைக்கடைக்காரர் தீப்பெட்டியை எங்கே வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார் என்பது அந்த நோட்டில் வரிவரியாக இருந்தது.

இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் சிறுவயதில் சிகரெட் அட்டை, தீப்பெட்டிப் படம் வைத்து ஆடுவோம். தரையில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, தூரத்திலிருந்து சில்லால் அடிக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே வந்த படம் அடித்தவனுக்கு. எங்கள் தெருவில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. சார்மினார் ஐந்து, கத்தரி மார்க் பத்து. சீமைப்படம் நூறு. பத்து வயதில், விடுமுறை நாள் ஒன்றில், பரணில் இருந்த தகரப்பெட்டியில் தாத்தாவின் நோட்டைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சீமைப்படம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தை உரித்தால் கிழியும் என்று தெரியும். அதனால் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நோட்டை அப்படியே விரித்து ஊறவைத்தேன். படங்கள் அழகாகக் கழன்று மிதந்தன. இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். தண்ணீர் மட்டும் ஊதா நிறமாக மாறியது. தாத்தா கணக்கு எழுதியது காப்பியிங் பென்சிலில். ஈரம் பட்டால் அது ஊதா மையாகக் கரையும். பின்னாளில் ஆபீசில் அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதியபோதெல்லாம் எனக்கு அந்தத் தாம்பாளம்தான் ஞாபகம் வரும்.

இரண்டே நாளில் அத்தனை படத்தையும் ஆட்டத்தில் தோற்றேன்.

தாத்தா அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, காய்ந்து முறுக்கிக்கொண்ட நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "படம் போனா போவுதுடா. கணக்கு போச்சே" என்றார். கடையை மூடி அப்போது சில வருஷம் ஆகியிருந்தது. பழைய கணக்கு இவருக்கு எதற்கு என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அது விளங்க எனக்கு அரசு வேலையும் ஓய்வும் தேவைப்பட்டன. பேரன் அனுப்பிய விவரங்களைத் தொடர்ந்து படித்தபோது ஜெஃபர்சன் பர்டிக் என்ற ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சாதாரண மனிதர். மூட்டுவாதத்தால் கை விரல்கள் மடங்கிப்போனவர். யாரும் மதிக்காத சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, விளம்பரச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, வரிசை எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். வாக்னர் அட்டை உள்ள வரிசைக்கு இன்றும் அவர் கொடுத்த எண்தான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். 1947 தொடங்கி வருஷக்கணக்கில் அங்கே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

இன்றைய சேகரிப்பாளர்களுக்கு ஒட்டுவது ஆகாது. காரணம், அந்த அட்டைகளின் பின்பக்கம். அதில் சிகரெட் மார்க்கின் விளம்பரம் இருக்கும். எந்தச் சிகரெட்டோடு வந்தது, எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். முகம் ஒரே முகம்தான். ஆனால் அட்டை எங்கே பிறந்தது என்பதைப் பின்பக்கம்தான் சொல்கிறது.

தாத்தாவின் நோட்டிலும் படம் முன்பக்கம், கணக்கு பின்பக்கம். கோபேயில் அச்சான அந்தப் படங்களை எங்காவது ஒரு சேகரிப்பாளரிடம் இன்றும் பார்க்கலாம். 1922-க்குப் பிறகும் 1934-க்குப் பிறகும் மதகடிப்பட்டில் ஒரு குரோசு தீப்பெட்டி என்ன விலைக்கு வந்தது என்பதை எழுதிவைத்தவர் அவர் ஒருவர். எங்கள் ஊர் குண்டாங்குழி மகாதேவர் கோயில் ராஜராஜன் காலத்தது. அது கல், நிற்கிறது. காகிதத்துக்கு ஒரு தாம்பாளத் தண்ணீர் போதும்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் தொடாத கடைசிப் பக்கங்களில் பதினோரு படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஊறிய பக்கங்களில் ஒரே ஒரு வரி படிக்கும்படி இருக்கிறது: "கப்பல் 2 குரோசு". அதற்கு அப்பால் விலை இருக்க வேண்டிய இடத்தில் ஊதாத் திட்டு. இப்போது எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துப் பேரனுக்கு அனுப்பியிருக்கிறேன், திட்டு உள்ள பக்கங்களையும் சேர்த்து.

நண்பர்களே, வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டி இருக்கும். கடைநோட்டு, தீப்பெட்டிப் படம், சாராயக்கடைச் சீட்டு, பிரெஞ்சு முத்திரை குத்திய துண்டுக்காகிதம் எது கிடைத்தாலும் உரிக்காதீர்கள், கழுவாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தாத்தா காலத்துத் தீப்பெட்டி விலை யார் வீட்டுக் கணக்கிலாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த ஊதாத் திட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்கிறேன். சாதாரணப் பென்சில்தான்.